கொட்டக் கொட்டக் குளவியாகுமா?

'கொட்டக் கொட்டக் குளவி' என்பது நம் முன்னோர் வழக்கு. மண்கூட்டில் அடைத்த புழுவைக் குளவி இடைவிடாது கொட்டித் தன் உருவாகவே மாற்றிவிடுகிறது என்று அவர்கள் நம்பினர். சீடன் குருவைப் போலாவதற்கு அதனை உவமையாகவும் கூறினர். உவமை அழகியதே, ஆயினும் கூட்டினுள் நடப்பது வேறு. தாய்க் குளவி புழுவைக் கொட்டிச் செயலிழக்கச் செய்து கூட்டில் சேர்க்கிறது; தன் முட்டையையும் அங்கேயே இடுகிறது. முட்டையினின்று வெளிவரும் குஞ்சு அப்புழுவை உண்டு வளர்ந்து, மண்சுவரைத் துளைத்துப் பறந்து செல்கிறது. பொறுமையோடு உற்று நோக்கியவர்கள் கண்ட உண்மை இது.

நம் இல்லங்களைச் சுற்றிலும் இவ்வாறு நாம் அறியாதவை எத்தனை! தேனீ என்றதும் தேனடையே நம் நினைவிற்கு வருகிறது. ஆனால் உலகில் அறியப்பட்ட 20,000-க்கும் மேற்பட்ட தேனீ இனங்களில் பெரும்பாலானவை கூட்டமாக வாழ்வதில்லை, தனித்து வாழ்பவை. உலர்ந்த மரத்தைத் துளைத்துக் குடியிருக்கும் கருவண்டும் உண்மையில் ஒரு தேனீயே. வயிற்றில் நீலப் பட்டைகள் கொண்ட சிறு தேனீ ஒன்றுண்டு. அது தக்காளி, கத்தரிப் பூக்களைப் பற்றிக்கொண்டு தன் உடலை அதிரச் செய்து மகரந்தத்தை உதிர்க்கிறது. அவ்வினத்தின் ஆண்கள் மாலையில் காய்ந்த குச்சியைத் தாடைகளால் கவ்வியபடியே உறங்குகின்றன.

ஆண்டவர் உயிரினங்களை ஆதாமிடம் கொணர்ந்து, அவன் என்ன பெயரிடுவான் என்று பார்த்ததாகத் தொடக்கநூல் கூறுகிறது. அப்பணி இன்னும் முடிந்துவிடவில்லை. இந்தியப் பகுதியின் தேனீக்களையும் குளவிகளையும் விவரித்து, பிங்காம் என்னும் அறிஞர் 1897-இல் ஒரு பெருநூல் வெளியிட்டார். அந்நாளில் இத்தகைய பணி ஒரு சில அறிஞருக்கே உரியதாயிருந்தது. இன்றோ கைப்பேசியுள்ள எவரும் அதில் பங்கேற்கலாம். 2008-இல் அமெரிக்காவின் பெர்க்லி பல்கலைக்கழக மாணவர்கள் தொடங்கிய 'ஐநேச்சுரலிஸ்ட்' என்னும் இணையத்தளத்தில், நாம் கண்ட பூச்சியின் படத்தை இடம், நாள் ஆகியவற்றோடு பதிவு செய்யலாம். பிற நாட்டினரும் அதனைப் பார்த்துப் பெயர் கூறுவர். கருத்துரைத்தோரில் மூன்றில் இரு பங்கினருக்கு மேல் உடன்பட்டால்தான் அப்பெயர் உறுதி பெறும்.

இங்கு நாம் கற்க வேண்டிய பாடம் ஒன்றுண்டு. பல தேனீக்களைப் படத்தைக் கொண்டு மட்டும் இனம் பிரித்தறிய இயலாது. இறகின் நரம்புகளையும் கால்களின் மயிர்களையும் உருப்பெருக்கியில் காண வேண்டியிருக்கும். அப்போது, "இன்ன குடும்பத்தது, அதற்கு மேல் கூற இயலாது" என்று நிறுத்திக்கொள்பவரே சிறந்த அறிஞர். பொய்ச்சான்று சொல்லாதே என்னும் கட்டளை வழக்கு மன்றத்திற்கு மட்டும் உரியதன்று. கண்டதைக் கண்டவாறு, கண்ட அளவே கூறும் நேர்மை ஒரு சிறு பூச்சிக்கும் நாம் செலுத்த வேண்டிய கடன்.

பெயர் அறியாமையால் விளையும் தீங்கும் சிறிதன்று. கூடு என்று கண்டவுடன் தீப்பந்தம் தேடுகிறோம். கதண்டுக் கூடு உயிருக்கே ஆபத்தானது. அதனை அகற்றத் தீயணைப்புத் துறையினரை அழைப்பதே முறை. ஆனால் சுவரிலுள்ள சிறு மண்கூட்டின் தாய், தன்னைப் பிடித்து நசுக்கினாலன்றிப் பொதுவாக எவரையும் கொட்டுவதில்லை. தேனீயாயினும் குளவியாயினும், ஆண்களுக்குக் கொடுக்கே கிடையாது. நம் தோட்டத்துப் புழுக்களை வேட்டையாடும் நண்பனையும் பகைவனையும் ஒரே தீயில் எரிப்பது நீதியாகுமோ?

சிற்றுயிர்களும் தம் இருப்பினாலேயே இறைவனை மகிமைப்படுத்துகின்றன என்பதை, மறைந்த திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட 'இறைவா உமக்கே புகழ்' என்னும் சுற்றுமடல் நினைவூட்டியது. உயிர்ப்புத் திருவிழிப்பில் பாஸ்காத் திரியின் முன் பாடப்படும் புகழுரையின் இலத்தீன் மூலமும் தேனீக்களின் உழைப்பைக் குறிப்பிடுகின்றது. திருச்சபை தன் மாபெரும் இரவில் மறவாத உயிரை நம் முற்றத்தில் நாம் மறக்கலாமா?

பெற்றோரே, வரும் ஞாயிறு திருப்பலிக்குப் பின் பிள்ளைகளோடு சற்று நேரம் செடியருகே நில்லுங்கள். பூச்சியைப் பிடிக்க வேண்டாம். மேலிருந்தும் பக்கவாட்டிலும் முகத்தெதிரேயும் படமெடுங்கள். அது அமர்ந்த மலரையும் குறித்துக்கொள்ளுங்கள். படைத்தவர் அறிந்த அவ்வுயிரை நம் பிள்ளைகளும் பெயர் சொல்லி அறியட்டும்.