பெயருக்கு உரியவர் யார்?

தொண்ணூறுகளின் நடுப்பகுதியில் கொழும்பு நாளிதழொன்றில் ஒப்புநோக்குநராகப் பணியாற்றினேன். ஞாயிறு இதழின் ‘மணமகன் தேவை’, ‘மணமகள் தேவை’ விளம்பரங்களைத் திருத்துவது என் பொறுப்பு. ஒருநாள் நகை வியாபாரி ஒருவர் வந்தார். தம் போட்டியாளரின் விளம்பரம் எந்தப் பக்கத்தில் வந்தாலும் அதன் அருகிலேயே தமதும் வரவேண்டும் என்றார். எங்கள் விளம்பர முகாமையாளர் மறுத்துவிட்டார். “மற்றவர் காசு கொடுத்துக் கூட்டிய கூட்டத்தில் இவர் கடை விரிக்கப் பார்க்கிறார்” என்பது அவர் சொன்ன காரணம்.

சென்னை உயர் நீதிமன்ற வழக்கொன்றைப் படித்தபோது அவ்வார்த்தை நினைவுக்கு வந்தது. பாரத் மேட்ரிமோனி, தமிழ் மேட்ரிமோனி ஆகிய திருமணத் தளங்களை நடத்திய கன்சிம் இன்ஃபோ நிறுவனம், கூகிள் மீதும் ஷாதி, ஜீவன்சாத்தி முதலிய போட்டித் தளங்களின் நிறுவனங்கள் மீதும் தொடுத்த வழக்கு அது. தன் பெயரைத் தேடுவோருக்குப் போட்டியாளரின் விளம்பரம் காட்டப்படுகிறது, அதற்குத் தன் வியாபாரக் குறியே தேடுசொல்லாக விற்கப்படுகிறது என்பது முறைப்பாடு.

2010 செப்டெம்பரில் நீதியரசர் வி. இராமசுப்பிரமணியன் இடைக்காலத் தடை வழங்க மறுத்தார். அப்பெயர்கள் பொருளை விவரிக்கும் பொதுச் சொற்களால் ஆனவை. அவற்றைப் பிறர் பயன்படுத்துவதை முற்றாகத் தடுக்க இயலாது என்பது அதன் சாரம்.

முதலில் எனக்கு இது உவப்பாக இல்லை. பிறகு என் பழைய மேசை நினைவுக்கு வந்தது. ‘மணமகன் தேவை’ என்ற இரு சொற்களை ஒருவர் தமதாக்கிக்கொண்டிருந்தால், மற்றப் பெற்றோர் எந்தச் சொல்லால் மாப்பிள்ளை தேடியிருப்பார்கள்? பொதுச் சொல்லைப் பெயராக வைத்தால் எல்லோருக்கும் எளிதில் விளங்கும். அதைக் காப்பதுதான் கடினம்.

ஆனால் தனித்துவமான பெயர்களின் நிலை வேறு. விளம்பரம் யாருடையது என்பதைச் சாதாரணப் பயனர் எளிதில் அறியமுடிகிறதா என்பதே 2010 மார்ச்சில் ஐரோப்பிய நீதிமன்றம் வகுத்த அளவுகோல். 2023இல் டெல்லி உயர் நீதிமன்றமும், தேடுசொல்லாகப் பயன்படுத்துவது மட்டுமே உரிமை மீறலாகாது, குழப்பம் விளைந்தால் மீறலாகும் என்றது. அத்துடன், இவ்விளம்பர வியாபாரத்தில் கூகிள் வெறும் பார்வையாளரல்ல என்றும் கூறியது.

இதுவே முக்கியமானதென நினைக்கிறேன். பத்திரிகையில் இரு விளம்பரங்களும் வாசகர் கண்முன் இருக்கும். தேடுசொல் ஏலமோ திரைக்குப் பின்னால் நடக்கிறது. சொந்தப் பெயரைத் தேடி வருவோரிடம் முதலில் தோன்றுவதற்கே உரிமையாளரும் ஏலம் கேட்க நேர்கிறது. எங்கள் முகாமையாளர் அன்று ஒரு விளம்பரத்தை இழந்தார். அவர் மறுத்தது சரியென்றே இன்றும் எண்ணுகிறேன்.