காது கேக்கலைன்னா படிக்கத் தெரியாதா?

எங்க மருத்துவமனை ரெக்கார்டு ரூம்ல காது கேளாத சகோதரர் ஒருத்தர் வேலை பார்க்கிறார். பி.காம் முடிச்சவர். ஓபி சீட்டோட வர்றவங்க அவரை முன்னாடி வச்சுக்கிட்டே, "இவருக்குப் படிக்கத் தெரியுமா சார்?"ன்னு பக்கத்துல இருக்கிறவர்கிட்ட கேட்பாங்க.

பிரச்சனை காதுல மட்டும்தாங்க. அறிவுல இல்லை.

சரி, "எழுதிக் காட்டினா போதும்"னு சிலர் நினைக்கிறாங்க. அதுவும் எல்லாருக்கும் பொருந்தாது. பிறவியிலேயே கேட்காத பலருக்கு முதல் மொழி சைகை மொழி. அதுக்குத் தனி இலக்கணம் உண்டு. தமிழ் அவங்களுக்குக் காதால கேட்காமலே, கண்ணால கத்துக்கிட்ட இரண்டாவது மொழி.

"உதட்டைப் பார்த்துப் புரிஞ்சுக்குவாங்களே?" கண்ணாடி முன்னாடி நின்னு "பாடு", "மாடு"ன்னு சத்தமில்லாம சொல்லிப் பாருங்க. உதடு ஒரே மாதிரிதான் அசையும். மாஸ்க் போட்டா அதுவும் தெரியாது.

டூட்டி மாத்தினதை வாயால சொல்லிட்டு, அவர் தலையாட்டினதை நம்பிட்டு, மறுநாள் வரலைன்னு மெமோ கொடுக்கிறது நியாயமா? மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016படி, தேவையான வசதியைச் செஞ்சு தர வேண்டியது அரசு அலுவலகத்தோட கடமை.

உங்க ஆபீஸ்லயும் இப்படி ஒருத்தர் இருக்கலாம். எழுத்தா, சைகையா, வாட்ஸ்அப்பா, எது வசதின்னு அவர்கிட்டயே கேளுங்க. பக்கத்துல இருக்கிறவர்கிட்ட இல்லை.