விருப்பமிருந்தால் எழுதலாம்

கலிஃபோர்னியாவில் சமுதாயக் கல்லூரியில் இரண்டாண்டு பயின்றோர், பல்கலைக்கழகத்தின் மூன்றாம் ஆண்டில் சேர வழியுண்டு. அங்கே சித்தி வீட்டில் தங்கிப் பயிலும் எங்கள் அக்கா, சென்ற நவம்பரில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்திற்கு விண்ணப்பித்தார். நான்கு வினாக்கள், ஒவ்வொன்றுக்கும் 350 சொற்களுக்கு மிகாத விடை. இவை கட்டாயம். இவற்றுக்கு அப்பால், வேறு கூற விரும்புவோர்க்கு 550 சொற்கள் எழுத இடம் விட்டிருந்தார்கள்.

"கட்டாயமில்லையேம்மா, விட்டுவிடு" என்றார் அப்பா. ஆனால் ஒரு பருவத்தில் மட்டும் அக்காவின் மதிப்பெண்கள் சரிந்திருந்தன. அப்போது சித்திக்கு அறுவை சிகிச்சை. சமையலும் இரு குழந்தைகளும் அக்காவின் பொறுப்பு. வெறும் எண்கள் இதைச் சொல்லுமா?

அக்கா எழுதியதைத் தொலைபேசியில் வாசிக்கக் கேட்டோம். முதற்படியில் கண்ணீரே மிகுதி. "இரக்கம் கேட்காதே, நடந்ததைச் சொல்" என்றார் அம்மா. பிறகு எந்தெந்த மாதங்கள், என்னென்ன வேலைகள், அடுத்த பருவத்தில் மீட்ட மதிப்பெண்கள் எவ்வளவு என்று மட்டும் எழுதினார். அரைப் பக்கமே ஆயிற்று.

பதில் ஏப்ரலில் வரும். எதுவாயினும், தாலந்தைப் புதைத்துவைத்த ஊழியனைப்போல் அக்கா உண்மையைப் புதைக்கவில்லை. தோழியரே, சொல்ல வேண்டியது நம்மிடம் இருக்குமானால், கட்டாயமில்லை என்பதற்காக அந்த இடத்தை நாமும் வெறுமையாய் விடவேண்டாம்.