இரண்டு கார்டு எதற்கு?

புதுக்கோட்டை கீழ ராஜ வீதியில் புடவை பார்த்து எடுக்க உங்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். ஆனால், "விளையாட்டுக் கம்ப்யூட்டரில் இரண்டு கிராபிக்ஸ் கார்டு போடணும், அதற்கேற்ற மதர்போர்டு வேணும், அம்மா!" என்று பிள்ளை உங்கள் சீட்டுப் பணத்துக்கு அடி போட்டால்?

இதைக் கேளுங்கள். இரண்டு கார்டுகளை இணைக்கும் எஸ்.எல்.ஐ. முறையை என்விடியா 2004-ல் கொண்டுவந்தது. 2021 முதல் புது ஆட்டங்களுக்கு அந்த வசதி சேர்ப்பதை நிறுத்திவிட்டது. இன்று பெரும்பாலான ஆட்டங்களில் இரண்டாவது கார்டு வெறும் அலங்காரம்தான்!

போர்டில் இரண்டு நீள ஸ்லாட் இருந்தால் மட்டும் போதாது. பலவற்றில் முதலாவதற்குத் தகவல் பாதை 16, மற்றதற்கு 4தான். வீடியோ வேலைக்கு இரண்டு கார்டு அவசியமென்றால், எட்டு எட்டாகப் பிரித்துத் தரும் போர்டாகப் பாருங்கள். விளையாட மட்டுமென்றால் நல்ல கார்டு ஒன்றே போதும். சீட்டுப் பணமும் மிஞ்சும்!