யாழ் உடைந்த பிறகும்

மதிப்புக்குரிய சிற்பி அகஸ்டா சாவேஜ் அம்மையாருக்கு,

பள்ளிப் பிள்ளைகளுக்குக் களிமண் வேலை சொல்லித் தருகிறவள் நான். புதிதாக ஒரு பிள்ளை மண்ணில் கைவைக்கும் போதெல்லாம் உங்களை நன்றியோடு நினைத்துக்கொள்கிறேன். அந்த நன்றியைச் சொல்லத்தான் இம்மடல்.

1892-இல் புளோரிடா மாநிலத்தின் கிரீன் கோவ் ஸ்பிரிங்ஸில் பிறந்தீர்கள். செங்கல்லுக்கு ஏற்ற களிமண் கிடைக்கும் ஊர். அந்த மண்ணில் வாத்து செய்து விளையாடினீர்கள். போதகரான உங்கள் தந்தைக்கு அது விக்கிரகம் செய்யும் பாவமாகப் பட்டது, அடித்தார். அடி வாங்கிய கை மறுபடியும் மண்ணுக்கே போனது.

1923-இல் பிரான்சின் ஃபோந்தேன்ப்ளோ கோடைக்காலக் கலைப்பள்ளிக்கு விண்ணப்பித்தீர்கள். கறுப்பினப் பெண் என்பதற்காகவே அமெரிக்கத் தேர்வுக்குழு இடம் மறுத்தது. நீங்கள் அதை மனதுக்குள் புதைத்துக்கொள்ளவில்லை. ஊரறியக் கேள்வி கேட்டீர்கள். முடிவு மாறவில்லை. ஆறு ஆண்டுகள் கழித்து, தொப்பியைச் சாய்த்து அணிந்த தெருப் பையன் ஒருவனின் மார்பளவுச் சிலையான ‘கமேன்’ உங்களுக்கு உதவித்தொகை பெற்றுத் தந்தது. பாரிசுக்குப் போய்ப் படித்தீர்கள். அந்தப் பையன் முகத்தில் கேலியும் இல்லை, இரக்கம் கோரும் பார்வையும் இல்லை. கறுப்பின முகங்களைக் கேலிச்சித்திரமாகவே வரைந்து பழகிய காலத்தில், அவனை அவனாகவே வடித்தீர்கள்.

திரும்பி வந்து நியூயார்க்கின் ஹார்லெமில் பிள்ளைகளுக்குக் கற்பிக்கத் தொடங்கினீர்கள். 1937-இல் ஹார்லெம் சமுதாயக் கலை மையத்தின் முதல் இயக்குநரானீர்கள். இளைஞர் ஜேக்கப் லாரன்சை அரசின் ஓவியர் வேலைத் திட்டத்துக்கு அழைத்துப் போனீர்கள். வயது போதாது என்றார்கள். வயது வந்ததும் மறக்காமல் மீண்டும் அழைத்துப் போய்ச் சேர்த்துவிட்டீர்கள். பெரும் ஓவியராக வளர்ந்த அவரை நினைக்கும்போது, அந்த இரண்டாவது நடைக்குத்தான் முதலில் கைகூப்பத் தோன்றுகிறது.

1939 நியூயார்க் உலகக் கண்காட்சிக்கு, 16 அடி உயரத்தில் ‘யாழ்’ செய்தீர்கள். பாடும் 12 கறுப்பினப் பிள்ளைகளே நரம்புகள். அவர்களைத் தாங்குவது கடவுளின் கை. வெண்கலத்தில் வார்க்கப் பணமில்லை. கண்காட்சி முடிந்ததும் அந்தப் பிளாஸ்டர் சிலையை இடித்துவிட்டார்கள். அந்தச் சிலையைச் செய்ய விடுப்பெடுத்துத் திரும்பியபோது, கலை மையத்தில் உங்கள் பதவியும் கைவிட்டுப் போயிருந்தது. இதைப் படிக்கும் ஒவ்வொரு முறையும் நெஞ்சு பதறுகிறது.

ஆனால் மாணவர்களின் படைப்பே உங்கள் நினைவுச்சின்னம் என்று நீங்கள் கருதினீர்கள். அதை யாராலும் இடிக்க முடியவில்லை. 1962-இல் நீங்கள் மறைந்த பிறகும் அது வளர்ந்துகொண்டிருக்கிறது.

இன்று வகுப்பில் ஒரு சிறுமி வாத்து செய்தாள். கழுத்து சற்றுச் சாய்ந்திருக்கிறது. அதை நான் திருத்தவில்லை. ஜன்னலோரம் காய வைத்திருக்கிறேன்.

நன்றி, அம்மா.

இப்படிக்கு,
மண் பிசையும் ஓர் ஆசிரியை