முன்னே 225... பின்னே 255!

ஆண்டு மலருக்கு எல்லோரும் கவிதை கொடுக்கிறார்கள். எனக்குக் கவிதை வராது. டயர் வரும். அதனால் டயர் பற்றியே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் வீட்டில் பத்தாம் வகுப்பைத் தாண்டியவன் நான் ஒருவன்தான். அப்பா பட்டாசு ஆலையில் லோடுமேன். அம்மா தீப்பெட்டி ஒட்டுகிறார். என் செமஸ்டர் பணத்தைக் கட்டுவது தாய்மாமா. சிவகாசி ரோட்டில் அவருக்குப் பஞ்சர் கடை. காலேஜ் விட்டதும் நான் அங்கேதான்.

போன தீபாவளி சீசனில் ஒரு மழை நாள். பட்டாசு வாங்க வந்த பெங்களூர்க்காரர் ஒருவர் பி.எம்.டபிள்யூ. 3 சீரிஸ் காரைக் கடை முன் நிறுத்தினார். பின் டயர் இரண்டும் வழுக்கை. முன் டயர்கள் நன்றாக இருந்தன. "முன்னதைப் பின்னால போட்டு விடுங்க. ஊருக்குப் போய்ப் புதுசு மாத்திக்கிறேன்" என்றார்.

மாமாவுக்கு இது தினசரி வேலை. "நல்ல டயரு பின்னாடிதான் இருக்கணும்" என்பது அவர் பாடம். அது சரியான பாடமும்கூட. அவருடைய பழைய புல்லட்டில் முன்னும் பின்னும் ஒரே 3.25-19 டயர்தான். கடைக்கு வரும் மாருதியிலும் நான்கும் ஒன்றுதான். ஜாக்கியை எடுத்துவிட்டார்.

நான் குனிந்து டயரில் இருந்த நம்பரைப் பார்த்தேன். முன்னால் 225/45 ஆர் 18. பின்னால் 255/40 ஆர் 18. வயிற்றைப் பிசைந்தது. வாடிக்கையாளர் முன்னால், எனக்குப் பணம் கட்டுகிறவரை மறுத்துப் பேசுவதா? நான் சொல்வது தப்பாகிவிட்டால்?

"மாமா, வேண்டாம் மாமா. ரெண்டும் வேற சைஸு."

"ஏ மாப்ள, உயரம் ஒண்ணாத்தான இருக்கு? கண்ணு தெரியலையா?"

உயரம் ஒன்றுதான்! அங்கேதான் சூட்சுமம். 225 என்பது மில்லிமீட்டரில் அகலம். 45 என்பது அந்த அகலத்தில் எத்தனை சதவீதம் பக்கச்சுவரின் உயரம் என்பது. 225-ல் 45 சதவீதம் 101.25. 255-ல் 40 சதவீதம் 102. பதினெட்டு அங்குல ரிம் 457.2 மில்லிமீட்டர். கூட்டினால் முன் சக்கரம் 659.7, பின் சக்கரம் 661.2. வித்தியாசம் ஒன்றரை மில்லிமீட்டர்தான்! ஏ.பி.எஸ். நான்கு சக்கரங்களின் வேகத்தையும் ஒப்பிட்டுப் பார்ப்பதால், அகலத்தைக் கூட்டினாலும் உயரத்தை ஒட்டியே வைத்திருக்கிறார்கள்.

"சார், இது பின் சக்கரம் தள்ளுற வண்டி. பின்னால ஒல்லி டயர் போட்டா மழையில வளைவுல பின்பக்கம் முதல்ல வழுக்கும், வண்டி சுத்திரும். அகல டயர் முன்னால வந்தா, ஸ்டீயரிங்கை முழுசா ஒடிக்கும்போது உரசலாம். ரிம்மோட அகலமும் வேற. மெதுவாப் போய் மதுரையில இதே அளவு வாங்கிப் போடுங்க" என்றேன். குரல் நடுங்கியது.

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். யாருக்கோ போன் போட்டு நம்பர்களைப் படித்துக் காட்டினார். கொஞ்ச நேரம் கேட்டுக்கொண்டே இருந்தார். போனை வைத்துவிட்டு, "மதுரை எத்தனை கிலோமீட்டர் தம்பி?" என்றார். "விருதுநகர்ல இருந்து ஐம்பது சார்." போய்விட்டார். கல்லாவில் பத்துப் பைசா விழவில்லை. மாமா கடை சாத்தும்வரை என்னோடு பேசவில்லை.

மறுநாள் ஆட்டோமொபைல் சாரிடம் சொன்னேன். தட்டிக் கொடுப்பார் என்று நினைத்தேன். "சரி, அப்ப பின் டயர் அகலமா இருந்தாத்தான் உசத்தி வண்டியா?" என்று கேட்டார். விழித்தேன். ஃபார்முலா ஒன்றுக்கு 2022-ல் வந்த டயரில் முன் அகலம் 305, பின் அகலம் 405. நம் கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் 2005-ல் ஜோர்டான் அணிக்கு ஓட்டிய காரிலும் பின் டயர்தான் அகலம். ஆனால் முன் சக்கரம் இழுக்கும் ஹோண்டா சிவிக் டைப் ஆர் காரும் வேகக் கார்தான். அதில் நான்கும் 265!

சார் விளக்கினார். பாரமும் காற்றழுத்தமும் மாறாவிட்டால் அகல டயர் தரையில் பதியும் பரப்பு பெரிதாகக் கூடாது. அதன் வடிவம்தான் மாறும்: நீளம் குறையும், அகலம் கூடும். வளைவில் அது கைகொடுக்கும். வேகம் எடுக்கும்போது பாரம் பின்னால் சாயும். அதனால் தள்ளுகிற பின் சக்கரத்துக்கு அகலம் கொடுக்கிறார்கள். நான்கும் சமமானால் முன்பக்கப் பிடிப்பு கூடி, கார் சட்டென்று திரும்பும். முன்பின் மாற்றிப் போட்டு எல்லா டயரையும் ஒன்றுபோலத் தேயவிடலாம். ஒன்றைக் கொடுத்தால்தான் இன்னொன்று. எந்தச் சக்கரத்துக்கு என்ன வேலை என்று பார்த்துத்தான் அளவு. பந்தாவுக்கு இல்லை.

அன்று ராத்திரி மாமா வீட்டுக்கு வந்தார். அம்மா சோறு போட்டார். சாப்பிட்டு முடித்துக் கையைத் துடைத்துக்கொண்டே, "அந்த நம்பரு எப்படிப் படிக்கிறதுன்னு எனக்குஞ் சொல்லிக்குடு மாப்ள" என்றார். முப்பது வருஷமாக டயர் கழற்றும் கை அது. என் நோட்டில் எழுதிக் காட்டினேன். அவர் விரலை வைத்து ஒவ்வொரு எண்ணாகப் படித்தார். அப்பா ஒன்றும் பேசாமல் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.

இப்போது கடைக்கு எந்த வண்டி வந்தாலும் மாமா முதலில் குனிந்து நம்பரைத்தான் பார்க்கிறார். ஜாக்கி அப்புறம்தான்.

தம்பிகளே, பைக்கில் ரிம்முக்குப் பொருந்தாத குண்டு டயர் மாட்டச் சொல்லி எங்கள் கடைக்கு வராதீர்கள். மாட்ட மாட்டோம். நம்பர் படிக்க வேண்டுமா, தாராளமாக வாருங்கள். மாமாவே சொல்லிக் கொடுப்பார்!