மாதக் கடைசி மூட்டை

ஈக்காட்டுத்தாங்கல் மெட்ரோ நிலையத்தில் இறங்கி, காசி தியேட்டரை ஒட்டிய அடையாற்றுப் பாலத்தை நோக்கிச் சிறிது தூரம் நடந்து, லேத்துப் பட்டறைகளும் முலாம் பூசும் கூடங்களும் நெருக்கியடித்துக்கொண்டிருக்கும் ஒரு சந்தில் திரும்பினால், வேப்பமரத்தின் அடியில் நீல வர்ணம் பூசிய தகரப் பெட்டிக் கடையொன்று தென்படும். அதில் வெகுகாலமாகச் செருப்புத் தைத்து ஜீவனம் செய்துவரும் பெரியவரைத் தேடி நான் போனதற்குக் காரணம், காலஞ்சென்ற என் ஸ்நேகிதர் ஒருவர். அவர் இந்தப் பேட்டையிலேயே குடியிருந்து, கிண்டித் தொழிற்பேட்டையில் கணக்கு உத்தியோகம் பார்த்து, விடுமுறை நாட்களில் ஐம்பது, நூறு கிலோமீட்டர் என்று மலைப்பாதைகளில் ஓடிக்கொண்டிருந்தவர். சென்ற மழைக்காலத்தில் டெங்கு ஜுரம் கண்டு சில தினங்களிலேயே மறைந்துபோனார். பெயரை அச்சில் போட வேண்டாமென்று அவர் மனைவி கேட்டுக்கொண்டபடியால், ஸ்நேகிதர் என்றே இங்கு குறிப்பிடுகிறேன்.

காரியங்களெல்லாம் முடிந்தபின், அவரோடு ஓடியவர்கள் ஒன்றுகூடி, அவர் ஞாபகார்த்தமாக ஓர் ஓட்டம் நடத்துவதென்று தீர்மானித்தார்கள். பேசியவர் ஒவ்வொருவரும் அவர் ஓடிய தூரத்தையும், எடுத்துக்கொண்ட நேரத்தையும், ஏறிய உயரத்தையுமே பிரஸ்தாபித்தார்கள். கூட்டம் கலைந்ததும் அவர் மனைவி என்னிடம் வந்து, "அண்ணா, அவர் கடைசியா ஒரு ஜோடி ஷூவைத் தைக்கக் கொடுத்திருந்தார். வேப்பமரத்துக் கடைப் பெரியவர்கிட்ட இருக்கும். எனக்குப் போக மனசு வரலை, நீங்க வாங்கிட்டு வர முடியுமா?" என்று கேட்டார்.

மலைப்பாதை ஓட்டம் என்பது தார்ச்சாலையில் ஓடுவதினின்றும் முற்றிலும் வேறானது. கல்லும் வேரும் சரளையும் நிறைந்த ஒற்றையடிப் பாதையில், அடுத்த அடியை எங்கே வைப்பது என்று கண்ணும் காலும் ஓயாமல் கலந்து பேசிக்கொண்டே போகிற காரியம் அது. ஜவ்வாது மலை, ஏலகிரி, ஏற்காடு என்று ஸ்நேகிதர் போய்வந்த இடங்கள் பல. 2008 முதல் ஆரோவிலில் பிப்ரவரி மாதத்தில் நடந்துவரும் செம்மண் பாதை மாரத்தானில், ஜயித்தவருக்குப் பரிசென்று ஒன்று கிடையாது என்பதற்காகவே அவருக்குத் தனிப் பிரியம் உண்டு. 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டத்துக் குரங்கணியில் மூண்ட காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் இருபது பேருக்கு மேல் மாண்ட பிறகு, வனப்பாதைகளுக்குக் கட்டுப்பாடுகள் வந்தபோது, சிலர் முணுமுணுத்தார்கள், இவர் முணுமுணுக்கவில்லை. அனுமதி கிடைக்காத வாரங்களில் விடியுமுன் பரங்கிமலைப் படிகளில் ஏறி இறங்கிவிட்டு, குழந்தை பள்ளிக்கூடம் கிளம்புவதற்குள் வீட்டுக்கு வந்துவிடுவார்.

பெரியவர் என்னைக் கண்டதும், நான் வந்த விஷயத்தைச் சொல்வதற்கு முன்பே, பெட்டிக்கடியிலிருந்து ஒரு துணிப்பையை இழுத்தார். அவர் சொன்ன முதல் வார்த்தை எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

"அவரு ஓடுறவருன்னே எனக்கு ரொம்ப நாளு தெரியாது சார். மாசக் கடசீல வூட்டுச் செருப்பெல்லாம் மூட்டை கட்டி எடுத்தாருவாரு. அப்பாலதான் ஒரு நாளு இந்தப் பல்லு வச்ச ஷூவ எடுத்தாந்தாரு."

அந்த மூட்டையில் என்னென்ன இருக்கும் என்று நான் கேட்கக் கேட்க, அவர் ஒரு குடும்பத்தையே என் முன்னால் பரப்பிவைத்தார். மகளின் கறுப்புப் பள்ளிக்கூட ஷூ. அது எப்போதும் கட்டைவிரல் பக்கம் வாய் பிளந்திருக்கும், ஏனெனில் அந்தப் பெண் சைக்கிளைக் காலால் தேய்த்து நிறுத்துகிறவள். மனைவியின் வார் அறுந்த செருப்பு. சர்க்கரை வியாதிக்காரரான தாயாரின் எம்.சி.ஆர். செருப்பு. உணர்ச்சி மரத்த பாதங்களில் புண் உண்டாகாமலிருக்க இந்த நுண்துளை ரப்பரைப் பயன்படுத்தும் யோசனை, வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் தொழுநோயாளிகளிடையே தொண்டாற்றிய டாக்டர் பால் பிராண்டும் அவருடைய சகாக்களும் 1950களில் சிரத்தையோடு வளர்த்தெடுத்தது. இன்று தமிழ்நாட்டில் சர்க்கரை வியாதிக்காரர் உள்ள வீடுகளில் அது சாதாரண சாமானாகிவிட்டது. அதில் ஆணி அடிக்கக் கூடாது, ஒட்டித் தைக்க மட்டுமே செய்யலாம் என்பதைப் பெரியவருக்குச் சொல்லிக்கொடுத்ததே ஸ்நேகிதர்தானாம். மூட்டையைக் கொடுத்துவிட்டுப் போய்விட மாட்டார். கவிழ்த்த பெயிண்டு டப்பாவின் மேல் உட்கார்ந்து, மகளின் ஷூவுக்கு மட்டும் தாமே பாலிஷ் போடுவாராம்.

பிறகு பெரியவர் அந்த ஓட்ட ஷூவை எடுத்து, கழற்றிவைத்திருந்த பழைய அடிப்பாகத்தையும் என் கையில் கொடுத்தார். சாதாரணமாக நடக்கிற மனிதர்களுக்குக் குதிகாலின் வெளியோரந்தான் முதலில் தேயும். இதில் தேய்வு விரல்களின் அடியில் இருந்தது. ஏற்றத்தில் முன்பாதத்தை ஊன்றி ஏறியதன் அடையாளம். அன்றியும் இடது கால் ரப்பர் வலதைக் காட்டிலும் வெகுவாகக் கரைந்திருந்தது.

"சோத்துக்கால் முட்டியில நோவு இருந்திருக்கும் சார். ஒடம்ப இந்தப் பக்கம் போட்டுகினு ஓடியிருக்காரு. கேட்டேன். சிரிச்சாரு. வூட்ல சொல்லிடாதீங்கன்னாரு."

பின்னர் இதை நான் அவர் மனைவியிடம் தயங்கித் தயங்கிச் சொன்னபோது, "தைலம் வாங்கி வெச்சதே நான்தானே அண்ணா" என்று அந்த அம்மாள் சொன்னது வேறு விஷயம்.

இந்த ஷூக்களில் வெளியே ரப்பரும், அதற்குமேல் பாதத்தின் அதிர்ச்சியைத் தாங்குகிற ஸ்பஞ்சு அடுக்கும் இருக்கின்றன. "ரப்பர மாத்தலாம். ஸ்பஞ்சு செத்துப்போச்சுன்னா சாமி வந்தாலும் ஒண்ணும் பண்ண முடியாது" என்றார் பெரியவர். அந்த ஸ்பஞ்சுக்குள் முனை முறிந்து புதைந்திருந்த சீமைக்கருவேல முள் ஒன்றை, ஒரு விரற்கடை நீளமுள்ளதை, எடுத்துக் காகிதத்தில் மடித்துவைத்திருந்தார். இன்னும் ஓர் இழை உள்ளே போயிருந்தால் பாதத்தைத் தைத்திருக்கும். அதை எதற்காக எடுத்துவைத்தார் என்று கேட்டேன். "காட்டிட்டுத் திட்டலாம்னு இருந்தேன்" என்றார்.

பழைய அடியை அனல் காட்டிப் பிரிப்பது, அரத்தால் சொரசொரப்பாக்குவது, பேஸ்டு தடவி உலரவைப்பது என்று இடையில் பல காரியங்கள் உண்டு. பேஸ்டின் நெடி எனக்கு ஒத்துக்கொள்ளாமல் தலையைச் சுற்றவே, டீ குடிக்கப் போய்விட்டேன். ஆகையால் அவற்றை விஸ்தரிக்கப் போவதில்லை. திரும்பி வந்தபோது, மற்றொருவருடைய ஷூவில் ஒட்டின அடியைச் சுற்றிலும் தைத்துக்கொண்டிருந்தார். அந்த ஊசியை விட்டு என் கண்களை எடுக்க முடியவில்லை.

அது கடையில் வாங்கியதன்று. குடைக்கம்பியைச் சாணையில் தீட்டி, முனைக்குச் சற்று மேலே அரத்தால் ஒரு சிறு வெட்டுப் போட்டு, அதைக் கொக்கியாக்கி, உளியின் உடைந்த பிடியொன்றில் செருகியிருக்கிறார். உள்ளங்கை பட்டுப் பட்டு அந்தப் பிடி யானைத் தந்தம் போலப் பழுப்பேறியிருக்கிறது. வெளியிலிருந்து ஊசி ரப்பரைத் துளைத்து உள்ளே செல்கிறது. ஷூவுக்குள் நுழைந்திருக்கும் இடது கை, பாராமலே, மெழுகு தடவிய நைலான் நூலை அந்த வெட்டில் மாட்டுகிறது. ஊசி திரும்பும்போது நூல் ஒரு கண்ணியாக வெளியே வருகிறது. வெளியே நிற்கும் நூலின் மற்றொரு முனையை அந்தக் கண்ணிக்குள் கோத்து இரண்டு பக்கமும் இழுத்தால், ஒரு தையல் பூட்டிக்கொள்கிறது. ஒரு தையல் அறுந்தாலும் பக்கத்துத் தையல் அவிழாது. உள்ளே இருக்கும் கைக்கு வெளிச்சமில்லை, இடமில்லை, அளவுகோலில்லை; ஆயினும் தையல்களுக்கிடையே உள்ள தூரம் நூலளவும் மாறவில்லை.

பெரியவர் பிறந்தது வாணியம்பாடிக்கு அருகில் ஒரு கிராமம். அவருடைய தகப்பனார் தோல் ஷாப்பில் தொட்டிக்குள் இறங்கி வேலை செய்தவர். இவர் ஆம்பூரில் ஷூ தொழிற்சாலையொன்றில் சேர்ந்து, மேல்தோலை அச்சுக்கட்டையில் இழுத்துப் பிடித்து ஒட்டும் பகுதியில் சில வருஷங்கள் இருந்திருக்கிறார். ஆர்டர் குறைந்த ஒரு சமயம் வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். ஊரிலேயே இருந்திருக்கலாமே என்று கேட்டதற்கு, அவர் கூலியைப் பற்றிப் பேசவில்லை. "எங்கூரு டீக்கடையில எங்களுக்குத் தனி கிளாசு சார். இங்க எல்லாருக்கும் ஒரே கிளாசு" என்றார். இத்தேசத்தில் எல்லோர் பாதத்தையும் காப்பாற்றிய ஜாதிகளை எல்லோரும் தள்ளியே வைத்திருந்தார்கள் என்பதற்குச் சாஸ்திர ஆதாரம் தேட வேண்டியதில்லை. அந்தக் கண்ணாடிக் கிளாசே போதும்.

2015 டிசம்பர் முதல் தேதி இரவு, செம்பரம்பாக்கம் ஏரியிலிருந்து திறந்துவிட்ட நீரும் மழை நீருமாக அடையாறு கரைபுரண்டபோது, ஈக்காட்டுத்தாங்கலின் பட்டறைகளோடு இந்தப் பெட்டிக் கடையும் போயிற்று. இடுப்பில் செருகியிருந்த ஊசி மாத்திரமே மிஞ்சியது. ஸ்நேகிதர் தெருவிலுள்ள சேறு புகுந்த ஷூக்களையெல்லாம் சேகரித்துக்கொண்டு வந்து அவரிடம் குவித்தாராம். புதிய தகரப் பெட்டிக்குப் பணமும் கொடுத்தாராம். ஆனால் தானமாக அல்ல. கணக்கு எழுதுகிறவரல்லவா? ஒரு நாற்பது பக்க நோட்டுப் போட்டு, ஒவ்வொரு மாதக் கடைசி மூட்டைக்கும் நியாயமான கூலியை எழுதி, கடனில் கழித்துக்கொண்டே வந்து, தீர்ந்த அன்று இருவரும் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். "சும்மா குடுத்திருந்தா வாங்கியிருக்க மாட்டேன்னு அவருக்குத் தெரியும்" என்றார் பெரியவர். நினைவுக் கூட்டத்தில் ஸ்நேகிதரைப் பற்றி நான் கேட்டவை யாவற்றினும் எனக்கு இதுவே பெரிதாகப் பட்டது.

இவ்வளவு தேர்ந்த கைக்குக் கிடைக்கும் கூலியை விசாரித்தபோது எனக்குக் கோபம் வந்ததை மறைப்பதற்கில்லை. வாசலுக்கே வந்து ஷூவை வாங்கிப்போய், துவைத்துச் செப்பனிட்டுத் திருப்பித் தருகிற கம்பெனிகள் இப்போது தோன்றியிருக்கின்றன. அவற்றுள் ஒன்றின் பையன் மூட்டையோடு இந்த மரத்தடிக்குத்தான் வருகிறான். அடி மாற்றுவதற்கு வாடிக்கைக்காரரிடம் 800 ரூபாய் வாங்குகிறவர்கள், பெரியவருக்குக் கொடுப்பது 120 ரூபாய். பெரியமேட்டில் வாங்கும் ரப்பர், பேஸ்டு, நூல் எல்லாம் அவர் கைச்செலவு. இதே நகரத்தில், அடையாற்றில் 1948இல் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையத்தையும், கிண்டியில் 1957இல் மத்தியக் காலணிப் பயிற்சி நிலையத்தையும் சர்க்கார் ஸ்தாபித்தது. ஆம்பூர், ராணிப்பேட்டைக் காலணிகள் கப்பலேறி அந்நியச் செலாவணி கொண்டுவருகின்றன. வீதியோரத் தொழிலாளிக்குப் பாதுகாப்பளிக்க 2014இல் சட்டமும் இயற்றப்பட்டது. பெரியவரிடம் அதன்படி வழங்கிய அடையாள அட்டை ஒன்று பிளாஸ்டிக் உறையில் தொங்குகிறது. ஆனால் அந்தக் கம்பெனித் தரகன் அவர் உழைப்பில் பெரும்பங்கை வாரிக்கொண்டு போவதை இவற்றில் எதுவும் தடுக்கவில்லை. ஊசி பிடிக்கத் தெரியாதவன், பேஸ்டின் நெடியை முகராதவன், ஒரு செல்போன் படத்தைக் காட்டி நமக்கும் அவருக்கும் நடுவே உட்கார்ந்துகொள்கிறான். நாமும் இரண்டு தெரு நடக்கச் சோம்பி அவனுக்கு ஆசனம் போட்டுக் கொடுக்கிறோம். கிலோமீட்டர் கணக்கில் ஓடுகிறவர்களும் இந்தச் சோம்பலுக்கு விலக்கல்லர் என்பதுதான் வேடிக்கை. பெரியவரோ என்னளவு கொதிக்கவில்லை. "பையன்கிட்ட கோவப்பட்டு இன்னா சார் பண்றது, பெட்ரோல் போட்டா அவனுக்கும் மிச்சமில்ல" என்று முடித்துவிட்டார்.

ஞாபகார்த்த ஓட்டத்துக்கு உலகத்தில் புகழ்பெற்ற முன்மாதிரி ஒன்று உண்டு. முதல் மகாயுத்தத்தில் தம்மோடு நடந்து மடிந்த சிப்பாய்களை நினைத்து, விக் கிளாபம் என்பவர் தென்னாப்பிரிக்காவில் ஆரம்பித்த காம்ரேட்ஸ் ஓட்டம் அது. 1921 மே 24 அன்று, காந்திஜியை ரயிலிலிருந்து இறக்கிவிட்ட அதே பீட்டர்மாரிட்ஸ்பர்க்கிலிருந்து டர்பன் வரை, ஏறக்குறைய 90 கிலோமீட்டர் தூரம் ஓட 34 பேர் புறப்பட்டு, 16 பேர் போய்ச் சேர்ந்தார்கள். தோழர் என்று பெயர் வைத்துக்கொண்ட அந்த ஓட்டத்தில், 1975 வரை வெள்ளையரல்லாதாருக்கும் பெண்களுக்கும் முறைப்படி இடமில்லை. 1860இல் சென்னையிலிருந்து கப்பலேறி டர்பனில் இறங்கிய நம்மவர்களின் சந்ததியார், பாதையோரம் நின்று வேடிக்கை பார்க்கலாம், அவ்வளவே. யாரை நினைப்பது என்பதில் காட்டுகிற அக்கறையை, யாரை விட்டுவிட்டோம் என்பதிலும் காட்டியிருக்கலாம். எங்கள் சிறிய கூட்டத்தில் இதை நான் எடுத்துச் சொன்னபோது, பனியனுக்கும் பதக்கத்துக்கும் வர்ணம் தேர்ந்தெடுத்துக்கொண்டிருந்தவர்கள் முதலில் சலித்துக்கொண்டார்கள். பிறகு, பனியனும் பதக்கமும் வேண்டாம், ஓட வருகிறவர் ஒவ்வொருவரும் தம் பழைய ஷூவைப் புதிதாக அடி மாற்றிக்கொண்டு வரட்டும், கூலியை நேரே பெரியவர் கையில் கொடுக்கட்டும் என்று ஒப்புக்கொண்டார்கள்.

ஸ்நேகிதரின் ஷூவை, அதே அளவுப் பாதமுள்ள அவருடைய தம்பி எடுத்துக்கொண்டார். கூலி 300 ரூபாய். பாதி முன்பே கொடுத்தாகிவிட்டது. மீதியைப் பெரியவர் வேண்டாமென்று சொல்லக்கூடும் என்று நான் எதிர்பார்த்தேன். அவர் அப்படியொன்றும் சொல்லவில்லை, வாங்கி எண்ணிப் பையில் போட்டுக்கொண்டார். அந்த அம்மாள் பணத்தோடு மாமியாரின் எம்.சி.ஆர். செருப்பையும், மறுபடியும் வாய் பிளந்துவிட்ட பள்ளிக்கூட ஷூவையும் கொடுத்தனுப்பியிருந்தார்.

ஓட்டக்காரர்களின் தீர்மானத்தைச் சொன்னதும் பெரியவர் சற்று யோசித்துத் தம் நிபந்தனைகளைத் தெரிவித்தார்:

"ஒரு நாளைக்கு ரெண்டு ஜோடிக்கு மேல தொடமாட்டேன் சார். ஐப்பசி, கார்த்திகையில குடுக்காதீங்க, பேஸ்டு காயாது. பாதிப் பணம் மொதல்ல. அப்புறம், தொவச்சு எடுத்தாரச் சொல்லுங்க. அவரு ஒருத்தருதான் தொவச்சுக் குடுப்பாரு. மத்தவங்களுது நாத்தம் தாங்கல."